பூச்சி ஒப்படைப்பு

மேசைக்கொரு தொட்டிச் செடி வைத்தால் ஊழியர்களின் மனம் குளிர்ந்து கோப்புகள் விரைவாக நகரும் என்று தலைமை அலுவலகம் எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. எனவே எல்லா மேசைக்கும் செடி வந்தது. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றவேண்டும் என்ற ஆணையும் கூடவே வந்தது. செடிக்குத் தாகம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஆணையில் எதுவும் இல்லை.

தட்டச்சுப் பிரிவில் இருந்த ஒருத்தி ஆணைப்படியே ஊற்றினாள். மண் சொதசொதவென்று ஊறி, பொடிப்பொடியாகக் கறுப்புப் பூச்சிகள் கிளம்பின. அவை யாரையும் கடிக்கவில்லை. டீயில் விழுந்தன, மூக்கில் நுழைந்தன, கொட்டாவி விட்டவர்கள் வாயைத் திறந்ததற்காக வருந்தும்படி செய்தன.

அவளுக்குச் செடியைப் பற்றித்தான் கவலை. கணவனும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். அந்த ஊருக்கு அவள் கேட்ட மாறுதல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. செடி செத்தால் அவள் பொறுப்பில்லாதவள். பொறுப்பில்லாதவர்களுக்கு மாறுதல் கிடையாது. செடியோ மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

செடிகளுக்கென்று நியமித்திருந்த பசுமை அதிகாரியிடம் போய் முறையிட்டாள். அவர் பொறுமையாக விளக்கினார். மண்ணுக்குள் இருக்கும்வரை பூச்சி தோட்டப் பிரிவைச் சேர்ந்தது. பறந்தால் சுகாதாரப் பிரிவு. சுவரில் உட்கார்ந்தால் கட்டடப் பிரிவு.

"என் மூக்குக்குள்ள போயிட்டா சார்?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அது உங்க சொந்த விஷயம்மா."

மூன்று பிரிவுகளும் கூடிப் பேசி நான்காவதாகப் பூச்சி ஒழிப்புப் பிரிவை உண்டாக்கின. அதற்கொரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், ஒரு ஜீப். தினமும் மதியம் அவர்கள் மருந்து அடிக்க, ஊழியர்கள் வெளியே போய் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினார்கள். பறந்த பூச்சிகள் செத்தன. ஈர மண்ணிலிருந்து புதியவை பதவியேற்றன. எல்லோருக்கும் பரம திருப்தி.

அவளுக்கு மட்டும் இல்லை. போனில் கணவனிடம் அழுதாள். ஈரத்தில்தான் அது முட்டையிடும், மேல்மண் நன்றாகக் காயட்டும், பறக்கிறதைப் பிடிக்க பசை தடவிய மஞ்சள் அட்டை ஒன்று செருகு என்றான் அவன். அன்றிலிருந்து தன் குவளைத் தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் ரகசியமாகக் கொட்டினாள். மண் காய்ந்தது. பூச்சிகள் ஒழிந்தன. செடி புது இலை விட்டது. மாறுதலும் கையெழுத்தானது.

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் பசுமை அதிகாரி செடித் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"பூச்சி எங்கேம்மா?"

ஒழிந்துவிட்டது என்றாள். ஒழிப்புப் பிரிவுத் தலைவர் திடுக்கிட்டார். ஒழிப்பதற்கென்று ஒரு பிரிவு இருக்க, ஒரு தட்டச்சர் ஒழிப்பது அத்துமீறல். தவிர, மேசைவாரியாகப் பூச்சி இருப்பதாகக் கணக்குக் காட்டித்தான் ஜீப்பே வாங்கியிருந்தார்கள். இருந்ததை இருந்தபடி ஒப்படைக்காமல் அவளை விடுவிக்க முடியாது.

பக்கத்து மேசைக்காரர் நல்ல மனிதர். தன்னிடம் ஏராளமாக இருப்பதாகவும் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இரவல் பூச்சி செல்லாது என்று தலைவர் மறுத்துவிட்டார்.

வேறு வழியில்லை. அவள் ஊற்றினாள். போதவில்லை என்று கூடத்தில் இருந்த எல்லோரும் தங்கள் குவளைகளோடு வந்து ஊற்றினார்கள். ஒரு காலை முதல் பூச்சி தள்ளாடி எழுந்து பறந்தபோது அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் பிறந்தபோதுகூட அவ்வளவு பேர் வந்து வாழ்த்தவில்லை.

ஒப்படைப்பு முடிந்தது. பூச்சி குறைந்தால் அவளையே திரும்ப அழைப்போம் என்று தலைவர் ஒரு நிபந்தனையும் போட்டார்.

அவளுடைய இடத்துக்கு வந்தவர் நடுத்தர வயதுக்காரர், சாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, பையோடு வாசல் வரை போய்விட்டவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தப் பூச்சி போக என்ன பண்ணணும்?"

அவள் திரும்பினாள். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"நல்லா தண்ணி ஊத்துங்க சார்," என்றாள். "மூணு வேளை பத்தலைன்னா நாலு வேளை."