அத்தானின் பதினொரு நிமிட வீடியோ

நெடுந்தீவு மேற்கு,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி அனுசனுக்கு,

அந்தக் குளிர் நாட்டில் உன்னையும் மனைவி பிள்ளைகளையும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் ஆண்டவர் காப்பாராக. இங்கே நாங்களும் மாடுகளும் சுகம்.

உங்கள் ஊர் மாட்டுப் பண்ணை வேலைக்கு அத்தான் தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி வீடியோ அனுப்ப வேண்டும், மூன்று திறமையும் ஒரு குறையும் சொல்ல வேண்டும், தமிழில் பேசினால் போதும், கீழே ஆங்கிலத்தில் நீயே எழுதிப் போடுவாய் என்றாய் அல்லவா? எடுத்துவிட்டோம். பதினொரு நிமிடம் வந்துவிட்டது. இங்குள்ள சிக்னலில் இரண்டு நாளாக வட்டம் சுற்றுகிறதே தவிர வீடியோ போகவில்லை. அதனால் ஃபோனில் போடும் மெமரிச் சிப்பில் ஏற்றி, இந்த உறைக்குள் வைத்து, உன் பக்கம் திரும்பும் டெனிஸ்ரனிடம் கொடுத்துவிடுகிறேன். வெட்டி ஒட்டி எப்படியாவது இந்த வேலையை எடுத்துக் கொடு. மூத்தவளுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, செலவு இருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம்தானே, கண்ணை மூடித் திறக்கப் போய்விடும் என்று நீயும் சொன்னாய், நானும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

வீடியோவில் முதலில் வருவது கிறேசம்மா அக்கா. பக்கத்து வீட்டில் இருந்து தயிர்ச் சட்டி கேட்டு வந்தவ, நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருப்பதைக் கண்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, "மகன், சாப்பிட்டியா? ஏன் மெலிஞ்சு போனாய்?" என்று கேட்டுவிட்டா. இந்தத் தீவில் ஃபோனைத் தூக்கினால் எதிர்ப்பக்கத்தில் தூரத்தில் இருக்கும் ஒருவர் என்றுதானே அர்த்தம். அவவை அனுப்பிவிட்டு அத்தானைக் கதிரையில் இருத்தினேன். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது போல இமைக்காமல் இருந்தார். "என்ர பேர் எமிலியானுஸ். மாடு பாக்கத் தெரியும். ஓரளவுக்கு" என்றார். எட்டு வயதிலிருந்து மாட்டோடு நிற்கிற மனிதருக்கு ஓரளவு. "வடிவாச் சொல்லுங்கோ, எல்லாம் ஏலும் எண்டு சொல்லுங்கோ" என்றேன். யோசித்துவிட்டு, "எங்கட ஆழ்வாப்பிள்ளை அண்ணை என்னை விட நல்லாப் பாப்பார், அவரையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றார். குறையைச் சொல்லச் சொன்னதும் பார்க்க வேண்டுமே, நாலு நிமிடம் மூச்சு விடவில்லை. முழங்கால் நோ, குறட்டை, பெயர் மறதி, கேணிக்குள் விழுந்த கன்றை எடுக்கப் பிந்தியது எல்லாம் வந்தது. திறமை என்றதும், "என்னைப் பற்றி நானே எப்பிடிச் சொல்லுறது, வெக்கமெல்லே" என்றார். அந்த நேரம் பார்த்து வெள்ளைப் பசு கத்த, எழும்பிப் போய்விட்டார்.

நான் ஃபோனை நிறுத்தவில்லை தம்பி. நாற்பது வினாடி வெறும் கதிரைதான் தெரிகிறது. இங்கே எத்தனை பெண்கள் புருஷனை அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் மட்டும் பார்க்கிறார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக நானும் இவரை அதற்குள் பார்த்தேன். இரண்டு முழத் தூரத்தில் இருந்த மனிதர் அப்போதே போய்விட்டவர் போல இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என் மனம் இவரை இப்படித் தேடியதில்லை.

அவர் திரும்பி வந்து இருந்ததும் கமராவுக்குப் பின்னால் நின்று நானே சொல்லிவிட்டேன். "இவர் ஒரு மாட்டுக்கும் அடிச்சு நான் காணேல்லை. தண்ணி வத்தினா தான் குளிக்காமல் மாட்டுக்கு வார்ப்பார். மழை வர முன்னமே என்ர விறகை உள்ளுக்கு எடுத்து வைப்பார். எனக்குக் காய்ச்சல் எண்டால் சமைச்சுப்போட்டு, உப்புக் கூடிட்டுது எண்டு தானே முதல் சொல்லுவார்." பண்ணைக்காரருக்கு என் விறகு எதற்கு என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. அத்தான் கமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "நீர் இதெல்லாம் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே" என்கிறார். அதோடு வீடியோ முடிகிறது. தேவையில்லாததை வெட்டிவிட்டு அனுப்பு. நல்ல பதிலாக வரவேண்டும் என்று மாதாவிடம் கேட்டிருக்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. சின்னவனின் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு கொஞ்சல். கர்த்தர் உங்கள் வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
அக்கா தயானி.

பி.கு.: உறைக்குள் சிப்பைத் தேடாதே, நான் வைக்கவில்லை. அத்தானுக்குப் பதிலாகப் பண்ணைக்காரரிடம் ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் பெயரைக் கொடு. அவருடைய மனைவியிடம் கேட்டுவிட்டேன், எப்போது கூப்பிடுவார்கள் என்று இரண்டு தரம் விசாரித்துவிட்டா. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்க ஆள் தேடுகிறார்கள், மூத்தவளின் செலவுக்குத் திங்கள் முதல் நான் போகிறேன். அதற்கு வீடியோ கேட்கவில்லை. அத்தான் பட்டிக்குள் நின்று, வீடியோவில் குறை சொன்ன இடத்தைத் தள்ளிவிட்டு, என் குரல் வருகிற இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார். அவர் ஃபோனை வைத்த பிறகு நான் பார்ப்பது வேறு இடம். நாற்பது வினாடி வெறும் கதிரை, பிறகு அவர் வந்து இருக்கிறார்.