கோட்டைச் சுவரும் பழைய இங்கிலீஷும்

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் என் கணவர் கொள்ளைக்காரராவது என்று தீர்மானித்தார். நான் அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"மணி, இனிமே நம்ம வழியே வேற. இருக்கிறவன்கிட்ட பிடுங்கணும். இல்லாதவனுக்குக் குடுக்கணும்."

"முதல்ல இந்தக் கீரையைப் பிடுங்கிக் குடுங்க. அடுப்புல பால் இருக்கு" என்றேன்.

உட்கார்ந்து உருவினார். என் கணவர் பெயர் பரசுராமன். பெயரிலேயே கோடாலி இருக்கிறது. ஆனால் தேங்காய் உடைக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். செங்கம் ரோட்டில் விதையும் உரமும் விற்கிற கடை வைத்திருக்கிறார். விலையைக் குறைத்துக் கேட்டுச் சண்டை போடுகிறவர்களுக்கு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிற ஆள். அவர்தான் கொள்ளையடிக்கப் போகிறார்.

எல்லாம் ஜெரால்டு சாமி விட்டுப்போன அட்டைப்பெட்டியால் வந்தது. எங்கள் மொட்டை மாடியில் ஒரு ரூம் உண்டு. குளிர்காலத்தில் ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். ஜெரால்டு இங்கிலாந்துக்காரர். காவி வேட்டி கட்டுவார், அதனால் தெருவுக்கே சாமி. பங்குனி வெயிலுக்குப் பயந்து ஊருக்குக் கிளம்பும்போது, "திரும்பி வரும் வரை நீங்க பாருங்க" என்று ஒரு பெட்டி நிறைய வி.சி.டி. கொடுத்துவிட்டுப் போனார்.

ஆடித் தள்ளுபடியில் பிளேயர் வாங்கியதும் பெட்டியைத் திறந்தோம். மேலட்டையைப் பார்த்த என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மணி, இது நம்ம வில்லாளிடி."

கருப்பு வெள்ளைத் தொடர். அந்தக் காலத்துச் சீமையில் ஒரு வில்லாளி காட்டுக்குள் ஒளிந்திருப்பான். ஏழைகளிடம் வரி பிடுங்குகிற கோட்டைத் தலைவனிடமிருந்து திரும்பப் பிடுங்குவான். என் கணவர் சிறுவனாக இருந்தபோது கீழ்பென்னாத்தூரில் பஞ்சாயத்து டி.வி. முன்னால் மண்ணில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நானும் கான்வென்ட் ஹாஸ்டலில் சனிக்கிழமைகளில் பார்த்திருக்கிறேன். வில்லாளி காதலியின் கையை முத்தமிட வரும்போது மட்டும் சிஸ்டர் எழுந்து டி.வி.யை மறைத்து நின்றுகொள்வார்கள்.

அவருக்கு அந்தத் தொடரில் எல்லாம் தெரியும், பேச்சைத் தவிர. தமிழ் மீடியம். வில்லைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டார். வில்லாளி, கோட்டைத் தலைவனின் காணாமல் போன தம்பி என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

"கான்வென்ட்ல படிச்ச பொண்ணு வீட்ல இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்றார். அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் எழிலை மடியில் போட்டுக்கொண்டு நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

எழில் எங்கள் மகள். ஒன்றரை வயது. அவள் பிறந்ததிலிருந்து நான் முழுநேரமாகப் பயப்படுகிறேன். வேர்க்கடலை தொண்டையில் சிக்கும் என்று பயம். வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி என்ற பெயரில் கிடக்கும் தகரத்தைக் கண்டால் பயம். தூங்கும்போது அவள் மூச்சுச் சத்தம் கேட்டால் பயம். கேட்காவிட்டால் ஜாஸ்தி பயம். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, நிஜமாகவே மேலே, மொட்டை மாடி இருந்தது. அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. நாலு மூலையிலும் தூண் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. எழில் படியேறக் கற்றுக்கொண்டுவிட்டாள். பயம் என்றால் என்னவென்று இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"ஏங்க, மாடிக்குச் சுவர் எடுங்க."

"ஆடியில வேலை ஆரம்பிக்கக் கூடாது."

"ஆவணியில?"

"முகூர்த்த மாசம். மேஸ்திரி கையில சிக்க மாட்டாரு."

"புரட்டாசி?"

"ஆகாது."

"ஐப்பசி?"

"மழை."

"கார்த்திகை?"

"தீபம்."

"மார்கழி பீடை மாசம்னு நானே சொல்லிடறேன். தையில?"

"தையிலதான் மேல இன்னொரு மாடி எடுக்கலாம்னு இருக்கேன். அப்ப சுவரை இடிக்கணும். இடிக்கிறதுக்கா கட்டுவாங்க?"

அது போதாதென்று ஜன்னல் வழியாக மலையைக் காட்டினார். "எதிர்ல அண்ணாமலையாரே மலையா நிக்கிறாரு. குறுக்க சுவர் எழுப்பச் சொல்றியே, உனக்கு மனசு வருதா?"

மாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. மூங்கிலை வளைத்து ஒரு வில் செய்திருந்தார். வாழைத்தண்டை நட்டு வைத்து மாடியில்தான் பயிற்சி. ஒரு நாள் டீ குடிக்க இறங்கி வந்தவர் கதவைத் திறந்தே விட்டுவிட்டார்.

எழிலைக் காணோம் என்று நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் மாடியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காக்காவுக்கு பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலுக்கும் தெருவுக்கும் நடுவில் ஆடிக் காற்று மட்டும்தான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் கவுனைப் பிடித்தேன். பிடித்த பிறகும் விரல் விரிய மறுத்தது.

"மணி, டீயில சக்கரை கம்மி" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்கே மேஸ்திரியைக் கூப்பிடறேன்" என்றார். மறுநாள் முகத்துக்கு நிறம் திரும்பியது. "கதவை ஒழுங்காப் பூட்டினா போதும் மணி" என்றார்.

அன்று சாயங்காலம்தான் வில்லாளி முதல்முறையாகச் சுவரைப் பற்றிப் பேசினான்.

ஆற்றங்கரை. குதிரை. வில்லாளி கூட்டாளியிடம் திரும்பி ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?"

"பிள்ளை இருக்கிற வீட்டு மாடிக்குச் சுவர் கட்டாதவன் வில்லைத் தொடக் கூடாதுன்னு சொல்றான்."

"காட்டுல நின்னுக்கிட்டு எதுக்கு மாடியைப் பத்திப் பேசறான்?"

"வீட்டு ஞாபகம் வந்துடுச்சி, பாவம்."

"அவன் ரெண்டு வார்த்தைதானே சொன்னான்? நீ இவ்ளோ சொல்றே."

"அது பழைய இங்கிலீஷ்ங்க. ஒரு வார்த்தைக்குள்ள நாலு வார்த்தையை மடிச்சி வெச்சிருப்பாங்க."

"அதான பார்த்தேன்" என்றார். "இந்தக் காலத்து இங்கிலீஷ்ல அந்தச் சத்து இல்ல."

கான்வென்டில் எங்களுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தொடரில் யார் வாயைத் திறந்தாலும் கட்டட வேலைதான். காதலி கோட்டை ஜன்னலில் நின்று விம்மி விம்மி அழுதாள், சிமெண்டுக்காக அழுதாள். கிழவன் ஒருவன் சாகும்போது மகனைக் கூப்பிட்டு, செங்கல் விலை ஏறுவதற்குள் வாங்கிப் போடச் சொன்னான். என் கணவர் லேசாக அசைந்தார், அவ்வளவுதான். முழுதாக அசைத்தவன் கோட்டைத் தலைவன். அவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"எதுக்குச் சிரிக்கிறான்?"

"ஜனங்க வந்து சுவர் கேக்கிறாங்க. 'எல்லாம் தையில பார்த்துக்கலாம்'னு சொல்லிச் சிரிக்கிறான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கயும் தை மாசம் இருக்கா?"

"அறுவடை மாசம்னு சொன்னான். நம்ம கணக்குக்கு நான் மாத்திச் சொன்னேன்."

அவர் டி.வி.யையே முறைத்துக்கொண்டிருந்தார். "அயோக்கியப் பய" என்றார்.

ஆவணி பிறந்ததும் வேடியப்பன் மேஸ்திரி வந்துவிட்டார். முகூர்த்த மாசத்தில் சுலபமாகவே சிக்கினார். நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன், அதையும் நானே உடைத்தேன். சந்தோஷம் அன்று மத்தியானம் வரைக்கும்தான்.

"கோட்டை மாதிரி வேணும் மேஸ்திரி" என்று மாடியில் என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு ஏத்தம், ஒரு இடைவெளி. மறுபடி ஒரு ஏத்தம், ஒரு இடைவெளி. இடைவெளியில நின்னு அம்பு விடணும்."

"யார் மேலண்ணே?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

எழிலை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். தையற்காரர் அளவெடுத்த மாதிரி ஒவ்வொரு இடைவெளியும் எழிலுக்குக் கச்சிதமாக இருந்தது.

"மேஸ்திரி, இதெல்லாம் அடைச்சிடுங்க."

"அண்ணன் சொல்லணுமேம்மா."

அண்ணன் சொல்ல வேண்டுமென்றால் வில்லாளி சொல்ல வேண்டும். அன்றைய கதையில் வில்லாளியின் உயிர் நண்பன் குடித்துவிட்டுக் கோட்டை மதிலடியில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் எல்லோரும் நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்.

"என்ன ஆச்சி அவனுக்கு?"

"மேல இடைவெளியில நின்னிருக்கான். காத்து தள்ளிடுச்சி. போய்ட்டான்."

என் கணவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் முதல் வேலையாக இடைவெளியெல்லாம் அடைபட்டது. அன்று சாயங்காலமே அந்த நண்பன் குதிரையில் ஜம்மென்று வந்து இறங்கினான்.

"இவன் செத்துட்டானே?"

"இது அவன் தம்பிங்க."

"நினைச்சேன்" என்றார். தம்பிகள் விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே வராது.

சுவர் என் மார்பளவு உயர்ந்தது. "உக்காந்தா மலை தெரியலையே மணி" என்று ஒருமுறை இழுத்தார். சாமியை நின்றுதான் கும்பிட வேண்டும் என்று வில்லாளி அன்றே சொல்லிவிட்டான்.

கார்த்திகை தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் நாத்தனார் கன்னியம்மாள் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். மாடி ரூமுக்கு ஜெரால்டு சாமியும் திரும்பி வந்திருந்தார். மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. அதற்காகவே காத்திருந்து, கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக அகல் ஏற்றினோம். பிள்ளைகள் மாடி முழுக்க ஓடினார்கள். எழில் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மாடியில் நான் நிம்மதியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தால் மலை தெரியவில்லை. பரவாயில்லை.

"டேய் பரசு, சுவர் கோட்டை மாதிரி எடுத்திருக்கியே" என்றார் கன்னியம்மாள்.

"எல்லாம் என் யோசனைதான் அக்கா" என்றார் என் கணவர்.

அதோடு விட்டிருக்கலாம். சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து வி.சி.டி.யைப் போட்டார். எனக்கு வேலை வைக்கவில்லை. என் மொழிபெயர்ப்பு அத்தனையும் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

ஆற்றங்கரை. குதிரை. வில்லாளி கூட்டாளியிடம் திரும்பினான்.

"இப்ப பாருங்க" என்று என் கணவர் எழுந்தே நின்றுவிட்டார். "பிள்ளை இருக்கிற வீட்டு மாடிக்குச் சுவர் கட்டாதவன் வில்லைத் தொடக் கூடாதுன்னு சொல்றான்."

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெரால்டு சாமி.

"இல்லை, இல்லை" என்றார் தன் தமிழில். "அவன் சொல்றான், குதிரைக்குத் தண்ணி குடு."

கன்னியம்மாள் தம்பியைப் பார்த்தார். வேன் டிரைவர்கூடப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் எழிலுக்குத் தலை வார ஆரம்பித்தேன். அவள் தலையில் வாருகிற அளவுக்கு முடி கிடையாது.

என் கணவர் தொண்டையைச் செருமினார். அக்கா எதிரில் தோற்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"சாமி, இது பழைய இங்கிலீஷ்" என்றார். "உங்களுக்குப் புரியாது."

ஜெரால்டு சாமி என்னைப் பார்த்தார். எழிலைப் பார்த்தார். போன குளிர்காலம் முழுக்கக் கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் ரூம் சுவரை ஒட்டியே நடந்தவர் அவர். மாடிப்படிப் பக்கமும் ஒருமுறை பார்த்தார்.

"ஆமாம்" என்றார். "எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்."

"வெள்ளைக்காரருக்கே புரியாத இங்கிலீஷு, எங்க பரசுவுக்குப் புரியுது பாரு" என்று கன்னியம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

வேன் கிளம்பிப் போனதும் என் கணவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"குதிரைக்குத் தண்ணியா?"

"ஆமாங்க."

"ஜன்னல்ல நின்னு அழுதாளே அந்தப் பொண்ணு?"

"அவங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல."

"அந்தத் தம்பி?"

"தம்பி இல்லைங்க. அவனேதான். அன்னிக்கு போதை."

மெதுவாக உட்கார்ந்தார். எழில் மாடிப்படியில் தொம் தொம்மென்று ஏறிப்போனாள். கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கோபத்தைப் பாதியில் நிறுத்தி, ரோஷத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

"இனிமே உன் வாயை நம்ப மாட்டேன். நானே இங்கிலீஷ் கத்துக்கப் போறேன்."

"நல்லதுங்க. யார்கிட்ட?"

"ஜெரால்டு சாமிகிட்ட."

"அவருக்குப் பழைய இங்கிலீஷ் புரியாதுன்னு நீங்கதானே அக்கா முன்னாடி சொன்னீங்க. இப்ப அவர்கிட்டயே போய் உக்காந்தா, அக்கா காதுக்குப் போகாதா?"

அவர் எழுந்து போய் பிளேயரை அணைத்தார்.

மறுநாள் சாயங்காலம், எழிலுக்கு வாங்கி வைத்திருந்த சிலேட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் பாடமாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். விரல் வைத்து எழுத்துக்கூட்டி, பத்துத் தரம் படித்து, தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டு, "அர்த்தம் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வேடியப்பன் மேஸ்திரி தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அளவெடுக்க வந்தார்.