நீக்க வேண்டியவை

எனக்கு அதிகம் பேச வராது. அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. எழுதப் போய்த்தான் மாட்டினேன்.

செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறை ஒன்றில் பலகை அறுக்கும் பிரிவு என்னுடையது. படிப்பு எட்டாவது, செகந்திராபாத்தில், தமிழில். தெலுங்கு நன்றாகப் பேசுவேன். எழுத்து மட்டும் பஸ் போர்டு பார்த்துக் கற்றது. (அதனால் ஊர்ப் பெயர் அளவுக்குத்தான் எழுத வரும். வாக்கியம் வராது.)

முதலாளி எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, இனி எல்லாம் அஜைல் முறை என்றார். பட்டறை டீம் டீமாகப் பிரியும். டீமுக்கு ஒரு லீடர். அதற்கு மேஸ்திரிகள் எங்கள் மூன்று பேருக்கும் மாடியில் இரண்டு நாள் பயிற்சி. கடைசியில் அவரே வந்து பார்ப்பார். தேறாதவன் இடத்துக்கு வெளியாள் வருவான்.

என் ஆட்களை ஒரு வெளியாள் அதட்டுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அதட்ட நான் இருக்கிறேன்.

வீட்டில் வேறு ஒரு சிக்கல்.

"என்னங்க, அங்கயாவது நாலு வார்த்தை சேர்த்துப் பேசுங்க. வேலூர்ல எங்க அக்காவுக்கெல்லாம் சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

"என்ன சொன்ன?"

"நீங்க லீடர் ஆயிட்டீங்கன்னு."

"இன்னும் ஆகல."

"அதான் பேசுங்கன்றேன்."

பயிற்சி கொடுக்க ஒரு மேடம் வந்தார். சின்ன வயது. நல்ல மாதிரி. ஆளுக்கு இரண்டு நிமிஷம் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார். "முருகேசன். கட்டிங்" என்றேன். மீதி நேரம் எல்லோரும் ஏ.சி. சத்தம் கேட்டோம்.

லீடர் உத்தரவு போடக் கூடாதாம். தினமும் காலையில் டீமை நிற்க வைத்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், வேலைக்கு என்ன தடை. தடையை மஞ்சள் சீட்டில் தெலுங்கில் எழுதி, போர்டில் 'நீக்க வேண்டியவை' என்ற தலைப்பின் கீழே ஒட்ட வேண்டும். என்றைக்குள் நீக்குவது, யார் பொறுப்பு என்றும் அதிலேயே போட வேண்டும்.

"அவங்க எதைச் சொன்னாலும் எழுதணும். நீங்க தீர்ப்பு சொல்லக் கூடாது. யார் சொன்னதுன்னு வெளிய சொல்லவும் கூடாது" என்றார் மேடம்.

கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும் வேலை. இந்தப் படிப்பு எனக்காகவே வந்தது போல இருந்தது.

இரண்டாம் நாள் மாலை என் ஆட்கள் மாடிக்கு வந்து சுற்றி நின்றார்கள். முதல் இரண்டு கேள்வியும் சீக்கிரம் முடிந்தன. மூன்றாவதைக் கேட்டேன். (எங்கள் பேச்சு பாதி தெலுங்கு, பாதி ஹிந்தி. இங்கே தமிழில் போடுகிறேன்.)

"தடை என்ன?"

கலீம் என்னை உற்றுப் பார்த்தான். "என்ன பாய், உடம்பு சரியில்லையா?"

"தடை சொல்லு."

"டீ லேட்டா வருது."

'டீ' என்று எழுதி ஒட்டினேன்.

"அன்னா, வீட்டுத் தடை சொல்லலாமா?" என்றான் யாதகிரி. மேடம் தலையாட்டினார். "மாமியார் வந்து ஒரு மாசம் ஆச்சு. ராத்திரி பூரா டிவி. மெஷின்ல நிக்கும்போது கண்ணு சொக்குது."

'மாமியார்' என்று எழுதினேன்.

அவ்வளவுதான், மடை திறந்தது. நின்றுகொண்டே பேசினால் கால் வலிக்கும், கூட்டம் சீக்கிரம் முடியும் என்று மேடம் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்கள் நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்பவர்கள். மெஷினும் தூசியும் இல்லாமல், ஏ.சி.யில் நிற்பது அவர்களுக்கு ஓய்வு. முதலில் நாற்காலி தேடியது மேடம்தான்.

கடைசியில் கலீம் இழுத்தான். "இன்னொண்ணு இருக்கு. நக்கோ பாய், விடுங்க."

"சொல்லு."

"எதுக்கு வம்பு?"

"சொல்லு."

"காலைல சார் ஒரு அளவு குடுக்கறார். நாம அறுத்துடறோம். மத்தியானம் வந்து அளவை மாத்தறார். அறுத்ததை ஒட்டவா முடியும்?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். நியாயமான தடை. ஆனால் நீளமான தடை. என் தெலுங்குக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு எழுதினேன்.

சார். திங்கள். முருகேசன்.

ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. அப்போது முதலாளி உள்ளே வந்தார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "நீக்க வேண்டியவை. டீ. தூசி. மாமியார்." ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அடுத்ததில் தலை நின்றது.

"சார். திங்கள். முருகேசன்."

யாதகிரி கதவுக்குப் பின்னால் போய்விட்டான்.

"எந்த சார்?" என்றார். எங்கள் பட்டறையில் ஒரே சார்தான்.

"நீங்கதான் சார்."

"யார் சொன்னது?"

நான் கலீம் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அதுவே பதில். லீடர் வேலை போனது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"டீம், சார்."

"என்னை எப்படி நீக்கப் போற?"

பட்டறையில் சேர்ந்ததிலிருந்து நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். "காலைல குடுத்த அளவு மத்தியானம் மாறுது சார். பலகை வீணாகுது. அதை நீக்கினாப் போதும். உங்களை வேண்டாம்."

(கடைசி இரண்டு வார்த்தையை விட்டிருக்கலாம்.)

அவர் சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். "ரொம்ப வெளிப்படையான டீம்" என்றார் மேடம், பையை எடுத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "பேசினீங்களா?"

"பேசினேன்."

"நல்லாவா?"

"கொஞ்சம் அதிகம்."

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். மேஜை மேல் அந்தச் சீட்டு இருந்தது.

"அறுக்க ஆரம்பிச்சப்புறம் அளவை மாத்த மாட்டேன். மாத்தினா நேர்ல வந்து சொல்லு. ஆளுங்க பேரைச் சொல்லாம நின்ன பாரு, அதுக்காக நீயே லீடர்."

"சரி சார்."

"எழுதற வேலையை மட்டும் வேற யாருக்காவது குடு."

கலீமுக்குக் கொடுத்தேன். எப்படியோ, சீட்டில் போட்ட தேதிக்கு வேலை முடிந்தது. மற்ற இரண்டு டீமும் அப்படிச் சொல்ல முடியாது.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த கலீம், என் மகளிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் ஃப்ரிட்ஜில் மஞ்சள் சீட்டு. 'பாகற்காய். இன்று. நானா.' 'பழைய மிக்ஸி. சனி. நானா.' (தெலுங்குப் பேச்சில் வளர்ந்தவள். அவளுக்கு 'அப்பா' கிடையாது, 'நானா'தான்.)

போன வாரம் நீக்க வேண்டியது என்று என் பெயரே ஒட்டியிருந்தது. பொறுப்பு, அம்மா. தேதி மட்டும் போடவில்லை.

"தேதி?" என்று மனைவியைக் கேட்டேன்.

"டீம் இன்னும் முடிவு பண்ணல" என்றாள்.