குரோருட் காட்டில் நான் செத்துப்போன கதை

பெண்பிள்ளைக்குப் பதினாறு வயதானால் அப்பன்காரன் தானாகவே உளவுத்துறையில் சேர்ந்துவிடுகிறான். சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, வேலையும் சரியாகத் தெரியாது. நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். என்னுடைய முதலும் கடைசியுமான உளவுப் பயணத்தில் நான் செத்துப்போனேன்.

மகள் சாருகா வகுப்புத் தோழி ஒருத்தியோடு மோர்மன் என்ற கிறிஸ்தவ சபைக்குப் போய்வரத் தொடங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா என்றால் தலையிடிக்கிறது என்பாள். ஞாயிற்றுக்கிழமை விடியவே குளித்து வெளிக்கிட்டு நிற்பாள். கேட்டால், "சும்மா பாக்கத்தான் போறன் அப்பா. நீங்கள் ஏன் எல்லாத்துக்கும் பயப்பிடுறியள்?" என்பாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நானும் அவளும் கதைத்ததைவிடக் கதவுகள் கதைத்தது அதிகம்.

கோடை முடியும் நேரம் சபைக்காரர் இளையோருக்கு ஒரு நடைப்பயணம் ஒழுங்குசெய்தார்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு மோர்மன்களின் மூதாதையர் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றி, தாங்களே இழுத்துக்கொண்டு அமெரிக்கச் சமவெளியைக் கடந்து மேற்கே போனார்களாம். குளிரிலும் நோயிலும் வழியிலேயே பலர் இறந்துபோனார்களாம். அதை நினைத்துப் பிள்ளைகள் பழைய காலத்து உடுப்புப் போட்டு, வண்டி இழுத்துக் காட்டுக்குள் நடக்க வேண்டும். துணைக்குப் பெற்றோரும் வரலாம்.

"நான் வாறன்" என்றேன்.

சாருகாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அப்பா, பிளீஸ்! சரியான பின்லி." (பின்லி என்றால் நோர்வேஜிய மொழியில் மானம் போகிற காரியம். எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் என்னைக் குறிக்கும் சொல்.)

மனைவி வசந்தி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "போகட்டும் பிள்ளை. வண்டி இழுத்தாலாவது அந்த வண்டி வத்தட்டும்." (எங்கள் ஊரில் தொந்திக்கும் வண்டி என்றுதான் பெயர்.)

போன அன்று காலை நாங்கள் வசிக்கும் குரோருட்டின் மாடிக் குடியிருப்புகளே மூடுபனிக்குள் காணாமல் போயிருந்தன. எனக்கு வைக்கோல் தொப்பியும், தோளில் பட்டி மாட்டும் காற்சட்டையும் தந்தார்கள். கார்க் கண்ணாடியில் பார்த்தேன். பழைய படங்களில் ஓரமாக நிற்பாரே, யாரென்று ஒருவருக்கும் தெரியாத மனிதர், அவரைப் போல இருந்தேன்.

பொறுப்பாளர் பியோர்ன் தங்கமான மனிதர். புறப்படுமுன் விதிகளை விளக்கினார். நான் அந்த நேரம் காற்சட்டைப் பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தவை இரண்டுதான்: வெள்ளை உடுப்புக்காரி தோளில் தொட்டால் அவள் பின்னால் போக வேண்டும், போகும்போது வாய் திறக்கக் கூடாது. சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடக்க நடக்கப் பனி தடித்தது. மரங்கள் ஒவ்வொன்றாகக் கிட்ட வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. வண்டிச் சில்லின் கிறீச்சொலியைத் தவிர வேறு சத்தமில்லை. நீளப் பாவாடையும் தலையில் துணித்தொப்பியுமாகச் சாருகா என் பக்கத்தில் நின்றுதான் வண்டியை இழுத்தாள். பக்கவாட்டில் பார்க்கும்போது எப்போதோ வாழ்ந்து முடிந்த யாரோ ஒருவருடைய மகளைப் போலத் தெரிந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்போதுதான் என் தோளில் ஒரு கை விழுந்தது. ஈரமான, குளிர்ந்த கை. திரும்பினால் வெள்ளை அங்கியில் ஒரு பெண். குனிந்து, காதோடு சொன்னாள்:

"நீங்கள் இறந்துவிட்டீர்கள்."

நாடகம்தான் என்று மூளைக்கு விளங்கியது. முதுகுத்தண்டுக்கு விளங்கவில்லை. இந்த நாட்டில் எத்தனையோ கெட்ட செய்திகளை எனக்கு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். இதையும் இவ்வளவு மரியாதையாகச் சொல்வார்கள் என்று நான் நினைத்ததில்லை. பிடியை விட்டேன். சாருகா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வண்டி நான் இல்லாமலே நகர்ந்துவிட்டது. சில்லுச் சத்தம் தேய்ந்து, இல்லாமல் போனது.

வெள்ளை அங்கியின் பின்னால் நடந்தேன். சதுப்பில் ஒரு சப்பாத்து புதைந்துகொண்டது. குனிந்து இழுத்தெடுத்து நிமிர்ந்தால் அவளைக் காணவில்லை. சற்றுத் தள்ளி மரங்களுக்கிடையே வெள்ளை முதுகு தெரிந்தது. விரைந்து போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அவள் நின்றாள். நானும் நின்றேன். திரும்பிப் பார்த்தாள். செத்தவனுக்குரிய அடக்கத்தோடு தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தேன். அவள் வேகமாக நடந்தாள். நானும் நடந்தேன். அவள் ஓடினாள். (செத்த பிறகும் இந்த நாட்டில் உடற்பயிற்சியை விடமாட்டார்கள் போல என்று நினைத்தபடி) நானும் ஓடினேன்.

கடைசியில் ஒரு பாறையோடு ஒட்டி நின்று, "யார் நீ? உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாள். குரல் நடுங்கியது. வாய் திறக்கிறேனா என்று சோதிக்கிறாள்! நான் அசையவில்லை. திரும்பவும் கேட்டாள், அழுவாள் போலிருந்தது. பாவமாகப் போய்விட்டது. ஒரு வசனம் பேசினால் குற்றமில்லை என்று, எனக்குத் தெரிந்த மிக நல்ல நோர்வேஜியத்தில், புன்னகையோடு சொன்னேன்:

"நான் இறந்துவிட்டேன்."

அவள் வீரிட்ட வீரிடலில் காட்டிலிருந்த பறவையெல்லாம் எழும்பிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன். அது அங்கியில்லை, வெள்ளை மழைக்கோட்டு. கையில் வாளி. அடுத்த கணம் வாளி என் நெஞ்சில் மோதி, மஞ்சள் காளான்கள் என்மேல் கொட்டின. காளான் பொறுக்க வந்த அப்பாவி மனுசி! நான் பதறிப்போய் விளக்கத் தொடங்கினேன். "பயப்படாதீர்கள்! நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால்... வண்டி இழுத்து... வழியில் செத்துப்போனோம்..." ஒவ்வொரு சொல்லும் நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

அலறலைக் கேட்டுப் பியோர்னும் இன்னும் இருவரும் பனிக்குள்ளிருந்து ஓடிவந்தார்கள், அதே பழங்காலத்து உடுப்புகளில். அவர்களைக் கண்டதும் மனுசி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

பியோர்ன் தன் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டித்தான் நாங்கள் இந்தக் காலத்து ஆட்கள் என்று நம்பவைத்தார். தண்ணீர் குடித்து, மூச்சு வந்து, கடைசியில் அவள் சிரித்தும்விட்டாள். பிறகு என்னைத் தாண்டிப் பார்த்து, "மற்றவர் எங்கே?" என்றாள்.

"எந்த மற்றவர்?"

"உனக்குப் பின்னால் வந்தவர். உன் தோளைப் பிடித்தபடி வந்தாரே."

பியோர்ன் என்னைப் பார்த்தார். அதுவரை செத்தவன் நான் ஒருவன்தான். என்னைக் கூட்டிக்கொண்டு போன வெள்ளை அங்கிக்காரி என்னைத் தொலைத்துவிட்டு வண்டியடியில் நின்று அழைத்துக்கொண்டிருந்தாளாம். "பனி" என்றார் பியோர்ன். "பனி, பனி" என்று நாங்களும் தலையாட்டினோம். காளான்களைப் பொறுக்கி வாளியில் போட்டுக் கொடுத்தோம்.

வண்டியடிக்கு வந்தால் சாருகா சில்லில் சாய்ந்திருந்து அழுகிறாள். நடிப்பில்லை.

"எங்கை போனனீங்கள்? செத்தவை வண்டிக்குப் பின்னாலை நடக்கோணும் எண்டெல்லோ சொன்னவை! திரும்பித் திரும்பிப் பாக்கிறன், உங்களைக் காணேல்லை அப்பா!"

என் கையைப் பிடித்தவள் பிறகு விடவேயில்லை. செத்தவன் வண்டி இழுக்கக் கூடாதாம். ஒரு கையால் என்னையும் மறு கையால் வண்டியையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்சத் தூரம் போனதும் மெதுவாகக் கேட்டேன்: "ஞாயிற்றுக்கிழமையில உன்னை நான் கொண்டுபோய் விடட்டோ?"

"செத்தவை கதைக்கக் கூடாது" என்றாள். ஆனால் சிரித்தாள். அதோடு உளவுத்துறையிலிருந்து விலகிவிட்டேன். அவள் இப்போதும் சபைக்குப் போகிறாள், நான்தான் சாரதி.

கதையைக் கேட்ட வசந்தி அன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இன்றைக்கும், வீட்டுக்கு யார் வந்திருந்தாலும், நான் நடக்கப் போகிறேன் என்று சப்பாத்தை மாட்டினால் உள்ளேயிருந்து குரல் வரும்: "எத்தினை பேர் போறியள்?"

வீடே சிரிக்கும். "ஒராள்தான்" என்று நானும் சிரிப்பேன். கதவை மட்டும், இன்னொருவர் வெளியே வர எடுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் திறந்து பிடித்திருந்துவிட்டுத்தான் சாத்துவேன்.