நாய்க்கூடு வரைக்கும் நீலம்

சவானா நகரத்தில் உயிரோடு இருப்பவனுக்கு மரியாதை கிடையாது. செத்து நூறு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் அவன் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும்; பீர்க் கோப்பையும் கையுமாக, வாயைப் பிளந்துகொண்டு.

ஓடெல் உயிரோடுதான் இருந்தான்; ஆனாலும் அவன் வீட்டு வாசலில் தினமும் பொழுது சாயும்போது கூட்டம் அப்படித்தான் நின்றது. சுற்றுலாக் கூட்டத்தை ஓட்டி வருபவர் கர்னல் லூஷியஸ். எந்தப் பட்டாளத்துக் கர்னல் என்று யாரும் கேட்டதில்லை. கறுப்பு அங்கி, கையில் பழைய அரிக்கேன் விளக்கு.

"நான் பேய்க்கதை சொல்றவன் இல்லீங்க. சரித்திரம் சொல்றவன்" என்று ஆரம்பிப்பார். பிறகு முழுக்கப் பேய்தான். மஞ்சள் காய்ச்சலில் செத்த தாதி ஒருத்தி, தண்ணீர் கேட்டு ஓடெல் வீட்டுக்குள் அலைகிறாளாம். அவர் கூப்பிட்டதும், விளக்கின் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்திருக்கும் பேய் வந்தால் காட்டும் 'பேய்மானி'க் கருவி பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டும். கூட்டம் அலறும்.

நோயைச் சொன்னவரிடமே மருந்தும் இருந்தது. வாசல் தாழ்வாரத்தின் உட்கூரைக்கு வெளிர்நீலம் பூசுவது அந்த ஊர்ப் பழக்கம். நீலத்தைத் தண்ணீர் என்று நினைத்துப் பேய் தாண்டாதாம். கர்னல் அதையே டப்பாவில் அடைத்து 'சரித்திர நீலம்' என்று விற்றார். தண்ணீர் கேட்டு அலைகிற பேய், தண்ணீரைக் கண்டால் ஏன் ஓட வேண்டும்? ஓடெல் யோசிக்கவில்லை. அதற்குத்தான் கர்னல் இருந்தாரே!

உட்கூரைக்குப் பூசினான். மானி சிமிட்டியது. "ஜன்னல் வழியா வர்றா" என்றார் கர்னல். ஜன்னலுக்குப் பூசினான். பிறகு கதவு, தபால்பெட்டி, குளியல் தொட்டி. கடைசியில் நாய்க்கூடு, உள்ளும் வெளியும்.

அன்று அவன் மனைவி வெர்னா பெட்டியைக் கட்டினாள். "பேயோட குடித்தனம் பண்ணலாம் ஓடெல், முட்டாளோட முடியாது. கூட்டத்துக்கு முன்னால அந்தாள ஒரே ஒரு கேள்வி கேளு. அப்பத் திரும்பி வர்றேன்."

ஓடெல்லுக்கு அந்த ஒரு கேள்வி அகப்படவில்லை. மண்டைக்குள்ளும் இரண்டு கோட் நீலம் ஏறியிருந்தது.

சனிக்கிழமை மாலை நாயைக் கூட்டிப்போக வெர்னா வந்தாள். நாயின் முதுகும் நீலம். வாசலில் கர்னல் கை நீட்டி முழங்கிக்கொண்டிருந்தார். நாயும் போனால் இந்த வீட்டில் மிச்சம் அவனும் பெயிண்ட் டப்பாவும்தான். ஓடெல் வாசலுக்கு வந்தான். அப்போதுதான் கர்னலின் வலது கை அங்கிப்பைக்குள் போவதைப் பார்த்தான். தினமும்தான் பார்க்கிறான். உள்ளே சிலுவையைப் பிடித்து ஜெபிக்கிறார் என்று இத்தனை நாளும் உருகிக் கிடந்தான், மகானுபாவன்!

"கர்னல்," குரல் கீச்சென்று வந்தது, "ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு அந்தத் தாதியக் கூப்பிடுங்களேன்."

வெர்னா நின்றாள்.

"பேய்க்கு மரியாதை முக்கியம்ங்க..." என்று கர்னல் இழுத்தார்.

"கூப்பிடுய்யா, பாக்கலாம்!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

கர்னல் கைகளைத் தூக்கினார், தொண்டை கிழியக் கூப்பிட்டார். மானி செத்துக் கிடந்தது.

வெர்னா விளக்கையும் மானியையும் வாங்கி நாய்க்கூட்டுக்குள் வைத்தாள். "உள்ளும் வெளியும் உங்க நீலம். இதுக்குள்ள பேய் நுழையாதில்ல?"

"நுழையவே நுழையாதும்மா!"

அவள் கர்னலின் விளம்பரத் தாளை எடுத்து, முன்பதிவு எண்ணுக்குப் போன் போட்டாள்.

நாய்க்கூடு உறுமியது. மானி சிவப்பாகத் துள்ளியது. ஓடெல் விளக்கின் அடித்தட்டைத் திருகினான்; உள்ளே ஒரு கைப்பேசி நடுங்கிக்கொண்டிருந்தது; அதன் அலை பட்டுத்தான் மானி துள்ளியது. அங்கிப்பையில் இருந்தது, அதை அழைக்கிற இன்னொன்று. கர்னல் சிக்கனக்காரர். முன்பதிவு எண்ணையே பேய்க்கும் கொடுத்திருந்தார்; தனி இணைப்பு வாங்கவில்லை.

"அப்போ அந்தத் தாதி போன்ல பேசுவாங்களா?" என்று ஒரு பெண் ஆவலாகக் கேட்டாள். கர்னலுக்கே தலை சுற்றியது. அங்கியைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். சரித்திரம் கேட்க வந்த கூட்டம் பின்னால் போகவில்லை.

வெர்னா காரிலிருந்து பெட்டியை எடுத்து வீட்டுக்குள் வைத்தாள். "சுரண்டு" என்றாள்.

ஒரு வாரம் கழித்து, ஓடெல் ஏணிமேல் நின்று உட்கூரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கீழே புதுக் கூட்டம், புது அங்கி, புது விளக்கு.

"அண்ணே, பேய் போன்ல பேசின வீடு இதுதானே? உள்ள வந்து பாக்கலாமா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

ஓடெல் தலையில் உதிர்ந்த நீலத்தைத் தட்டிவிட்டான்.

"தாராளமா வாங்க. ஆனா முதல்ல உங்க மண்டைய ஒருதரம் சுரண்டிப் பாருங்க. எனக்கு எவன் பூசினான்னு தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு?"