சுக்கு அண்ணாச்சியும் மலாவி மீன்களும்

சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் முழித்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். முழிக்க வைத்தவரும் அவர்தான், முழித்தவரும் அவர்தான். நடுவில் பீரோவைத் தூக்கியது மட்டும் நான்.

அவர் பெயர் சுக்கு அண்ணாச்சி. கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் சுக்குத் தரகு. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். முட்டைகூட வாசப்படி தாண்டாத சைவம். அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்குக் குடியிருந்தேன். குடியிருப்பதாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியைப் பொறுத்தவரை, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர மாடியில் ஓர் ஆள் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. குடைக்கு ஓர் ஆணி. செருப்புக்கு ஒரு மூலை. எல்லாவற்றுக்கும் மேலே, ஜன்னலோரம் அவருடைய பிரம்பு நாற்காலி. அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள்கூட நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத் துடைத்திருக்கிறாரே தவிர உட்கார்ந்ததில்லை.

அந்த நாற்காலியில்தான் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார்.

பாவம், அவருக்கென்ன தெரியும். ஒரே மகள் செண்பகத்தைக் கட்டிக்கொண்டவர்; வேலை ஆப்பிரிக்காவில், மலாவி ஏரிக்கரையில். முதல் லீவில் வந்தார், காலையில் எழுந்தார், காலியாகக் கிடந்த நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தார். குளித்துவிட்டு வந்த அண்ணாச்சி அது தன் இடம் என்றார். இதோ, இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன் என்று மாப்பிள்ளை சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பேச்சு முற்றி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மகளும் மாப்பிள்ளையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கலூரில் ஒரு ஓட்டலுக்குப் போய்விட்டார்கள். அடுத்த லீவுக்குக் கொச்சிப் பக்கமே வரவில்லை. அண்ணாச்சி தினமும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பேப்பரை மட்டும் பிரிப்பதில்லை.

அதற்கடுத்த வருஷம் செண்பகம் மதினிக்குப் போன் செய்தாள். ஓணத்துக்கு வருகிறோம், அப்பா மறுபடியும் ஆரம்பித்தால் வந்த டாக்சியிலேயே திரும்பிவிடுவோம், அப்புறம் எங்களை எதிர்பார்க்காதீர்கள் என்றாள். கூடவே அவர்கள் ஊர் ஏரி மீன் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். படத்தில் மீன்கள் நீலமும் மஞ்சளுமாகப் பளபளத்தன. சிக்லிட் என்று பெயராம். அண்ணாச்சி அந்தப் படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வே தம்பி, சட்டையப் போடும். கலூருக்குப் போறோம். பிள்ள ஊர் மீனு அங்க ஒரு கடையில கெடைக்குதாம். அவ வரும்போது வீட்ல இருக்கட்டும்."

முட்டை தாண்டாத வாசப்படியை மீன் தாண்டப்போகிறதா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று பிடித்த குழப்பம் ஓணம் வரைக்கும் தெளியவில்லை.

கலூர் மீன்கடைக்காரச் சேட்டன் பொறுமைசாலி. முதலில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியை எங்கள் தலையில் கட்டினார். ஆப்பிரிக்க மீனுக்கு நம்மூர் மழைத்தண்ணீர் ஆகாது, சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் வேண்டும், அதற்குக் கக்கா ஓட்டை வேகவைத்து உள்ளே போட வேண்டும் என்றார். புகுந்துகொள்ளப் பாறை வேண்டும். எல்லாம் வைத்த பிறகும் ஒரு மாதம் மீன் விடக் கூடாது. தண்ணீர் பழுக்க வேண்டுமாம்.

கக்கா என்பது காயலில் கிடைக்கும் சிப்பி. இடக்கொச்சிக்குப் போய் ஒரு சாக்கு ஓடு கொண்டுவந்தோம். மதினி வாசலில் கையை விரித்து மறித்துவிட்டார். அந்த வாடை தன் அடுப்பங்கரைக்குள் வந்தால் தான் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. "தம்பி எல்லாந்தான் திங்கான். அவன் அடுப்புல வேகட்டும்." என்னிடம் இருந்ததே ஒரு குக்கர். அதற்குப் பிறகு அதில் வைத்த சோறெல்லாம் காயல் வாடை அடித்தது.

மதினியின் ஆட்டுக்கல் குழவியும் விரிசல் விட்ட அம்மியும் பாறைகளாகத் தொட்டிக்குள் போயின. தண்ணீர் பழுக்க வேண்டுமானால் அதற்குத் தினம் ஒரு சிட்டிகை இரை போட வேண்டும் என்று சேட்டன் சொல்லியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கிருமி வளர்வதற்காம். எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சிக்கும் புரியவில்லை, ஆனால் செய்தார். தினமும் குளித்து, திருநீறு பூசி, மீனில்லாத தொட்டிக்கு இரை போட்டார். பார்க்க வந்த தெருக்காரர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துத் தேடிவிட்டு, மீன் எங்கே என்று கேட்டார்கள். இன்னும் வரவில்லை, தண்ணீர் பழுத்துக்கொண்டிருக்கிறது என்று அண்ணாச்சி பதில் சொன்னார். மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல டாக்டர் யாரையாவது தெரியுமா என்று விசாரித்தார்.

ஒருவழியாக மீன்கள் வந்தன. கலூரிலிருந்து பஸ்ஸில், தண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டில் வந்த குழிக்கெல்லாம் டிரைவரைத் திட்டியபடி அண்ணாச்சி வந்தார். திட்டினாலும் முகமெல்லாம் சிரிப்பு. காரணம், இந்த மீன்கள் பாறையில் படரும் பாசியைத் தின்பவை, இறைச்சி போட்டால் வயிறு ஊதிச் செத்துப்போகும் என்று சேட்டன் சொல்லியிருந்தார். வாசலில் நின்று பையைத் தூக்கிக் காட்டினார்.

"ஏளா, இதுக சைவம். நம்ம ஆளுக."

மதினி என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வழிவிட்டார். முதல் கை அவித்த கீரை போட்டதும் அவர்தான்.

ஆனால் நம்ம ஆட்களின் சாப்பாடுதான் சைவம், குணம் அப்படியில்லை. பெரிய நீல மீன் ஒன்று குழவிக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் வந்ததையெல்லாம் துரத்தித் துரத்திக் கடித்தது. மஞ்சள் மீன்கள் வால் கிழிந்து மூலையில் ஒடுங்கின. அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, "என்னலே, அந்த எடத்த வெலைக்கா வாங்கிருக்க?" என்று நீலத்தை அதட்டினார். நான் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தேன். மதினியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கலூர். இன்னும் கொஞ்சம் மீன் வாங்கி விடுங்கள், கூட்டம் கூடினால் ஒன்றையே துரத்தாது, ஆனால் விடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றார் சேட்டன்.

"கல்லெல்லாம் எடுத்து எடம் மாத்தி வைக்கணும் அண்ணாச்சி. அப்போ பழைய மீனுக்குத் தன்னோட வீடு எதுன்னு தெரியாது. அது வீட்டைத் தேடிட்டு நிக்கும். சண்டைக்கு நேரம் இருக்காது. மனசிலாயோ?"

அப்படியே செய்தோம். நீலம் குழவி இருந்த இடத்துக்குப் போனது. குழவி அங்கே இல்லை. அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. புது மீன்கள் அதைத் தாண்டிப்போய் ஆளுக்கொரு பொந்து பிடித்தன. கடைசியில் நீலமும் ஒரு மஞ்சளுக்குப் பக்கத்துப் பொந்தில் போய் அடங்கியது. அண்ணாச்சி இதையெல்லாம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சாயா ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது.

ஓணத்துக்கு முந்தின நாள் காலையில் என் கதவைத் தட்டினார். "வாரும்வே, கல்லு மாத்தணும்" என்றார். தொட்டி வேலைதானே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே போனேன். அவர் பீரோவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்.

அன்று அந்த வீட்டில் இருந்த இடத்திலேயே இருந்தவை சுவர்களும் மீன்தொட்டியும்தான். கட்டில் கூடத்துக்கு வந்தது. சாப்பாட்டு மேஜை படுக்கையறைக்குப் போனது. குடை ஆணியைப் பிடுங்கி எங்கேயோ அடித்தார், எங்கே என்று அவருக்கே மறந்துவிட்டது. பிரம்பு நாற்காலியை மட்டும் என்னைத் தொடவிடவில்லை. அவரே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பங்கரையில் வைத்தார். உங்களுக்கு என்னதான் ஆச்சு என்று மதினி அழாத குறையாகக் கேட்டார்.

"நீலத்துக்கு ஆனது எனக்கும் ஆவட்டும்ளா" என்றார் அண்ணாச்சி.

மதினிக்குப் புரியவில்லை. எனக்கு லேசாக உறைத்தது. அதற்குமேல் பீரோ கனமாகத் தெரியவில்லை.

மறுநாள் டாக்சி வந்து நின்றது. செண்பகம் உள்ளே வந்தாள், வெளியே போய் இது நம் வீடுதானா என்று பார்த்துவிட்டு மறுபடி வந்தாள். மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைக்காமல் கூடத்தில் நின்றார். அந்த நாற்காலியைக் காணோம் என்றால் இப்போது எதில் உட்கார்ந்தால் வம்பு என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே அண்ணாச்சி, கையில் சொட்டும் குடையோடு, ஆணி இருந்த சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே மழையில் டாக்சி இன்னும் கிளம்பவில்லை.

"மாமா, நான் எங்க உக்கார?" என்று மாப்பிள்ளைதான் கேட்டார்.

அண்ணாச்சி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "எனக்கே தெரியல மாப்ளே. நேத்துலேருந்து நானும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களே ஒரு எடம் பாத்துச் சொல்லுங்க."

மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தேடி எடுத்து மீன்தொட்டி முன்னால் போட்டார். மாமனாரை உட்கார வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். இது எங்கள் ஏரி மீனாச்சே என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். அண்ணாச்சி ஈரக்குடையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். செண்பகம் வெளியே போய் டாக்சியை அனுப்பினாள். பிறகு அம்மாவைத் தேடி அடுப்பங்கரைக்குப் போனாள். அங்கே மதினி பிரம்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவியலுக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். லீவு முடியும் வரை அவர்கள் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். நாற்காலியை மதினி திருப்பிக் கொடுக்கவே இல்லை.

பிறகு நான் திருப்பூணித்துறைக்குக் குடி மாறிவிட்டேன். போன மாதம், வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்தால் பீரோ கூடத்தில் நிற்கிறது, கட்டில் குறுக்கே கிடக்கிறது. நடுவில் அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க நின்று முழித்துக்கொண்டிருந்தார். யார் வருகிறார்கள், மாப்பிள்ளையா என்று கேட்டேன்.

"நீருதான்வே வாரீரு" என்றார்.

இந்த வயதில் ஒற்றை ஆளாக எனக்காகப் பீரோவை நகர்த்தியிருக்கிறார் மனுஷன். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நானும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு.