கோடைக்குப் போட்ட பொன்னாடை

ஒரு காட்டில் கோடை விடைபெறும் நாள் வந்தது. பிரிவு உபசார விழா நடத்தாமல் யாரையும் அனுப்புவது அந்தக் காட்டில் வழக்கமில்லை. நன்றியுரை முடிகிறவரை, அடுத்து வரும் மழையும் எல்லையிலேயே நிற்க வேண்டும்.

அழைப்பிதழில் காட்டெருமை முதல் கட்டெறும்பு வரை எல்லோர் பெயரும் இருந்தது. கொளஞ்சி என்கிற தவளையின் பெயர் மட்டும் இல்லை. அச்சுக்குக் கொடுத்தது கரடி. மறந்துபோனதாம்.

கொளஞ்சிக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அவன் குட்டை வற்றி வற்றி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. அதில் அவன் பிள்ளைகள், இன்னும் கால் முளைக்காத தலைப்பிரட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பொழுது சாய்வதற்குள் மழை வராவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

மேடையில் காட்டெருமை பேசியது.

"கோடை அய்யா தங்கமான குணம். என் முதுகுத் தோல் உரிந்தது உண்மைதான். ஆனால் எவ்வளவு பாசமாக உரித்தார்!"

மான் தேம்பியது. "அய்யா போன பிறகு நாங்கள் யாருக்காக நாக்கைத் தொங்கப் போடுவது?"

பொன்னாடை போட்டதும் கோடை கண்கலங்கிவிட்டது. "என்மேல இத்தனை பிரியமா? தெரியாமப் போச்சே. சரி, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டே போறேன்."

மறுத்துப் பேசினால் மரியாதையில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

"அப்போ நான் கிளம்பட்டுமா?" என்று எல்லையிலிருந்து மழை கேட்டது.

கொளஞ்சி மேடைக்குத் தாவினான். கரடி மறித்தது.

"உன் பேரு லிஸ்ட்ல இல்லையேப்பா."

"தெரியும்ணே. உன் பேரு என் லிஸ்ட்ல இருக்கு."

மைக்கைப் பிடுங்கினான்.

"யோவ் கோடை, உன்னை இங்க ஒருத்தருக்கும் பிடிக்காது. இதே எருமை நேத்து உன்னை நாசமாப் போறவன்னு திட்டுச்சு. இந்தப் பொன்னாடைகூட போன வருஷம் நீ மறந்து வெச்சிட்டுப் போனதுதான். இறங்கு."

கோடை பொன்னாடையை உற்றுப் பார்த்தது. கழற்றி வீசிவிட்டுப் போயே போய்விட்டது. நன்றியை வாங்கிக்கொள்ள ஆளில்லாததால் கரடி நன்றியுரையை ஒரே வரியில் முடித்தது. மழை கொட்டியது. குட்டை குளமாகிப் பந்தல் மிதந்தது. மேடைக்கு மேலே தலைப்பிரட்டைகள் நீந்தின.

"பெரியவங்களை அனுப்புற முறையாடா இது?" என்று காடே கொளஞ்சியை வைதது. மறுநாள் மழைக்கு வரவேற்பு விழா. அந்த அழைப்பிதழிலும் அவன் பெயர் இல்லை.

அன்றிலிருந்து மழைக்காலம் முழுக்க அவன் கத்துகிறான். கேட்கிறவர்கள் அதைப் பாட்டு என்கிறார்கள். பாட்டில்லை. தன் பெயரை விட்டவர்களின் பட்டியலை வாசிக்கிறான். கரடியிலிருந்து தொடங்குகிறான்.

நீதி: விருந்தாளி கிளம்ப வேண்டுமானால், அழைப்பிதழில் ஒருவன் பெயரையாவது மறக்காமல் விட்டுவிடுங்கள்.